ராஜாவின் மானும் குடியானவன் வேலியும்

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் குடியானவன் தன் கொல்லைக்கு உயரமான வேலி போடக்கூடாது. போட்டால் குற்றம். சின்னதாக ஒரு பள்ளம் வெட்டி, அந்த மண்ணைக் கரையாக அணைத்து, அதன்மேல் தாழ்வாக ஒரு செடிவேலி வளர்த்துக்கொள்ளலாம். அவ்வளவுதான். பெண்மான் குட்டியோடு வந்தாலும் தாண்டி உள்ளே போய், மேய்ந்துவிட்டு, திரும்பி வருகிற மாதிரி அந்த வேலி இருக்க வேண்டும். ஏனென்றால் மான் ராஜாவுடையது. பயிர் மட்டும்தான் குடியானவனுடையது.

வருவாய்த் துறையில் முப்பத்துநான்கு வருஷம் அடங்கலும் புலப்படமும் பார்த்தே காலத்தைக் கழித்தவன் நான். வேலிச் சண்டையில் அண்ணன் தம்பிகள் கோர்ட்டுக்குப் போனதை நிறையப் பார்த்திருக்கிறேன். வேலியை உயர்த்தாதே என்று அரசாங்கமே சொன்ன கதை எனக்குப் புதிது. மகள் பெட்ஃபோர்ட்ஷயரில் ஒரு சிற்றூரில் இருக்கிறாள். இந்தக் கோடை நானும் வீட்டுக்காரியும் அங்கே இருந்தோம். தோட்டத்து பீன்ஸ் கொடியைத் தினமும் விடியற்காலையில் வந்து ஒரு மான் கடித்துவிட்டுப் போகும். அந்த மான் யாருடையது, அதை யார் கேட்பது என்று விசாரிக்கப் போய்த்தான் தொள்ளாயிரம் வருஷத்துச் சட்டம் முழுவதையும் படிக்க வேண்டியதாயிற்று. வாசக நண்பர்களுக்கு அதில் கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில் பெயர். ஆங்கிலத்தில் மானைக் குறிக்கும் 'டியர்' என்ற சொல்லுக்குப் பழைய காலத்தில் வெறும் 'விலங்கு' என்றுதான் பொருளாம். எல்லா விலங்குக்கும் பொதுவான பெயர், வேட்டைக்காரர்களின் வாயில் புழங்கிப் புழங்கி மானுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. நம் பக்கமும் அப்படித்தான். 'மா' என்றால் விலங்கு. சிங்கத்தை அரிமா என்றோம், அரிமான் என்றும் சொன்னோம். யானை கைம்மா. வடமொழியில் மிருகம் என்றால் விலங்கும் உண்டு, மானும் உண்டு. மிருகசீரிடம் என்ற நட்சத்திரம் மான் தலைதான். மூன்று மொழிக்காரர்களும் விலங்கு என்றதும் மானைத்தான் நினைத்திருக்கிறார்கள். தின்பதற்கு ஏற்ற விலங்கு என்பதால் இருக்கலாம் என்றாள் என் மனைவி. இருக்கலாம்.

கதை 1066இல் தொடங்குகிறது. பிரான்சின் நார்மண்டியிலிருந்து வில்லியம் வந்து இங்கிலாந்தைப் பிடித்தார். கூடவே காட்டுச் சட்டம் என்ற ஒன்றையும் கொண்டுவந்தார். 'ஃபாரஸ்ட்' என்ற சொல்லை நாம் காடு என்று மொழிபெயர்க்கிறோம். அன்றைக்கு அதற்கு மரம் அடர்ந்த இடம் என்று பொருள் இல்லை. காட்டுச் சட்டம் செல்லுபடியாகும் எல்லை, அவ்வளவுதான். அந்த எல்லைக்குள் ஊர் இருக்கும், வயல் இருக்கும், புறம்போக்கு இருக்கும், மரமே இல்லாத பொட்டலும் இருக்கும். எஸ்ஸெக்ஸ் மாவட்டம் முழுவதுமே ஒரு சமயம் இந்தச் சட்டத்துக்குள் அடக்கம். உன் பட்டா நிலம்தான், உழுது விதைத்துக்கொள். ஆனால் அதில் வந்து மேயும் மானைத் தொடாதே, அந்த மான் தின்னும் தழையையும் வெட்டாதே. வில்லியம் 1087இல் இறந்தபோது அந்த நாட்டுத் துறவிகள் எழுதிய வரலாற்றுக் குறிப்பில், மானைக் கொன்றவனின் கண்ணைப் பிடுங்கச் சட்டம் செய்தவர் என்று பதிந்துவைத்திருக்கிறார்கள்.

அவர் உண்டாக்கிய காடுகளில் பெரியது தெற்கே ஹாம்ப்ஷயரில் இருக்கிறது. 'நியூ ஃபாரஸ்ட்', அதாவது புதுக்காடு என்று பெயர். வயது 900க்கு மேல் ஆகியும் பெயர் புதுக்காடுதான். நம் புதுக்குளங்களும் புதுத்தெருக்களும் மாதிரி. அவர் மகன் ரிச்சர்ட் அந்தக் காட்டில்தான் விபத்தில் இறந்தான். இன்னொரு மகன், பட்டத்துக்கு வந்த இரண்டாம் வில்லியம், 1100இல் அதே காட்டில் வேட்டையாடும்போது அம்பு பட்டுச் செத்தார். குடியானவர்கள் வயிறெரிந்த சாபம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

சட்டம் என்றால் அதை நடத்த ஆள் வேண்டுமே. காவலர்கள், விசாரணை அதிகாரிகள், மேய்ச்சல் வரி வாங்குபவர்கள் என்று ஒரு இலாகாவே இருந்தது. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ஒரு குழு ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுக்கும். யார் எவ்வளவு காட்டைத் திருத்தி வயலாக்கியிருக்கிறார்கள், யார் வேலியை உயர்த்தியிருக்கிறார்கள், யார் வீட்டில் வில் அம்பு இருக்கிறது, யார் வீட்டில் நாய் இருக்கிறது. நம் ஜமாபந்திக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். காட்டைத் திருத்தி விதைத்தவனை எழுப்பிவிடமாட்டார்கள். அபராதம் போட்டு, வருஷா வருஷம் ஏக்கருக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்வார்கள். நாங்கள் பி மெமோ கொடுத்து சிவாய் ஜமா வசூலித்தோமே, அதே சமாசாரம். ராஜாவுக்கு மான் மேல் இருந்த பிரியத்தில் பாதி இந்த வருமானத்தின் மேல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நாய்க்கு நடந்ததுதான் கொடுமை. காட்டு எல்லைக்குள் பெரிய நாய் வளர்த்தால் அதன் முன்னங்காலில் மூன்று நகவிரல்களை வெட்டிவிட வேண்டும். அப்போதுதான் அது மானைத் துரத்த முடியாது. வீட்டைக் காக்கலாம், குரைக்கலாம், ஓடக்கூடாது. வெட்டாத நாய் இருந்தால் அபராதம். வேலியும் கூடாது, நாயும் கூடாது, வில்லும் கூடாது என்றால் விதைத்தவன் என்னதான் செய்வான்? ராத்திரி முழுவதும் வயலில் உட்கார்ந்து கத்த வேண்டியதுதான். பசித்த வருஷங்களில் சிலர் துணிந்து அடித்தார்கள். அகப்பட்டவர்கள் கதை நீதிமன்றச் சுருள்களில் லத்தீனில் இன்றும் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் மாக்னா கார்ட்டா, 1215 என்று மனப்பாடம் செய்தோம் அல்லவா? அதற்கு 'பெரிய சாசனம்' என்று பெயர் வந்ததே 1217இல்தான். அந்த வருஷம் நவம்பர் 6ஆம் தேதி அதற்குத் தம்பியாக 'காட்டுச் சாசனம்' என்று இன்னொன்று வந்தது. இரண்டையும் பிரித்துச் சொல்வதற்காக முதலாவது பெரிய சாசனம் ஆயிற்று. பெரியது பிரபுக்களுக்கு. சாமானியனுக்குச் சோறு சம்பந்தப்பட்டது சின்னதுதான். அப்போது பட்டத்தில் இருந்த மூன்றாம் ஹென்றிக்குப் பத்து வயது. பையன் சின்னவன் என்பதாலோ என்னவோ, பெரியவர்கள் கேட்டது கிடைத்தது.

அந்தச் சாசனத்தில் மானுக்காக இனி யாரும் உயிரையோ உறுப்பையோ இழக்கக்கூடாது என்று வந்தது. வசதியுள்ளவன் அபராதம் கட்டலாம். இல்லாதவன் ஒரு வருஷமும் ஒரு நாளும் சிறையில் இருக்க வேண்டும். அதன் பிறகும் அவனுக்கு ஜாமீன் நிற்க ஆள் இல்லாவிட்டால் நாட்டைவிட்டே போக வேண்டும். நாய்க்கு முன்காலில் மூன்று நகவிரலுக்கு மேல் வெட்டக்கூடாது, பாதத்தின் மெத்தையைத் தொடக்கூடாது, அபராதம் மூன்று ஷில்லிங், அதற்காக உழவுமாட்டைப் பிடித்துக்கொண்டு போகக்கூடாது என்றும் எழுதியிருக்கிறார்கள். இந்தக் கடைசி வரியைப் படித்தால், அதற்கு முன்னால் மாட்டைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று தெரிகிறது. ஒவ்வொரு சட்டத்திலும் இப்படித்தான், எதைச் செய்யாதே என்கிறார்களோ அது நடந்துகொண்டிருந்தது என்று பொருள்.

அதே சாசனத்தில் எனக்குப் பிடித்தது இன்னொரு விதி. பிஷப்போ பிரபுவோ ராஜாவைப் பார்க்கப் போகும் வழியில் காட்டைக் கடந்தால் ஒன்றிரண்டு மானை அடித்துக்கொள்ளலாம். காவலர் பார்வையில் அடிக்க வேண்டும். காவலர் அங்கே இல்லையென்றால் கொம்பு ஊத வேண்டும்; திருட்டுத்தனமாக அடித்தது போலத் தோன்றக்கூடாதாம். கொம்பு ஊதி அடித்தால் விருந்து, ஊதாமல் அடித்தால் சிறை. கொம்பு யாரிடம் இருந்தது என்று கேட்கவேண்டியதில்லை.

பிரபுக்களுக்கு வேறு ஒரு வழியும் இருந்தது. ராஜாவிடம் அனுமதி வாங்கித் தங்கள் நிலத்தைச் சுற்றி மரவேலி அடைத்து மான்பண்ணை வைத்துக்கொண்டார்கள். புள்ளி போட்ட 'ஃபாலோ' என்ற மானை நார்மன்கள் கொண்டுவந்தது இந்தப் பண்ணைகளுக்காகத்தான். சிலர் வேலியில் ஒரு இடத்தில் வெளிப்பக்கம் மேடும் உட்பக்கம் பள்ளமுமாக அமைத்துக்கொள்ள அனுமதி வாங்கினார்கள். ராஜாவின் காட்டு மான் மேட்டிலிருந்து உள்ளே குதிக்கும். பள்ளத்திலிருந்து திரும்ப ஏற முடியாது. வேலி கட்டத் தெரிந்தவர்கள்தான், பாருங்கள். குடியானவன் கொல்லையில் மான் வரவும் போகவும் வழி வேண்டும். பிரபுவின் பண்ணையில் வர மட்டும் வழி.

நூற்றாண்டுகள் போகப் போக காட்டு எல்லைகள் சுருங்கின, காவலும் தளர்ந்தது. தளர்ந்த சட்டம் செத்துவிடுவதில்லை என்பதற்கு 1723ஆம் வருஷம் சாட்சி. விண்ட்சர் காட்டிலும் ஹாம்ப்ஷயரின் வால்தம் பகுதியிலும் முகத்தில் கரி பூசிக்கொண்டு சிலர் கூட்டமாக வந்து மான் அடித்தார்கள். உடனே பாராளுமன்றம் கறுப்புச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. கரி பூசிய முகத்தோடு ஆயுதம் ஏந்திக் காட்டில் நின்றாலே தூக்கு. அது ஒன்றல்ல, ஐம்பதுக்கும் மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்கு: குளத்தின் கரையை உடைத்தால், வைக்கோல் போரைக் கொளுத்தினால், நட்ட மரத்தை வெட்டினால். நூறு வருஷம் கழித்து 1823இல்தான் பெரும்பகுதி நீக்கப்பட்டது. ஈ. பி. தாம்சன் என்ற வரலாற்றாசிரியர் 1975இல் இதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். கரி பூசியவர்கள் வெறும் திருடர்கள் அல்ல. மான் பெருகி, அதிகாரிகள் கெடுபிடி கூடி, பழைய உரிமைகள் பறிபோன கோபத்தில் இருந்த ஊர்க்காரர்கள், அவர்களில் ஓரளவு நிலமுள்ள விவசாயிகளும் உண்டு என்பது அவர் வாதம். முப்பத்துநான்கு வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், அவர் பக்கம்தான் நியாயம் இருக்கும் போலிருக்கிறது.

பிறகு ராஜாங்கத்துக்கே மான் சலித்துவிட்டது. 1851இல் நியூ ஃபாரஸ்ட்டின் மான்களை இரண்டு வருஷத்தில் அகற்ற ஒரு சட்டம் வந்தது. குடியானவனுக்கு நிம்மதி என்று நினைக்காதீர்கள். மானை விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக, 10,000 ஏக்கரை வேலியடைத்து மரம் வளர்க்கும் உரிமையை அரசு எடுத்துக்கொண்டது. வேலியை உயர்த்தினால் அபராதம் போட்ட அதே கை இப்போது உயர்ந்த வேலி போட்டது. மாடு மேய்த்தவர்களுக்குப் புல் போயிற்று. ஆயிரக்கணக்கான மான்களைச் சுட்டார்கள். இருந்தும் இனம் அழியவில்லை.

கடைசியில் 1971இல், காட்டு உயிர்கள் மீது ராணிக்கு இருந்த உரிமையே ரத்தாயிற்று. அன்னமும் சில மீன்களும் மட்டும் விதிவிலக்கு. காட்டுச் சாசனத்தின் எச்சமும் அதோடு போயிற்று. அடுத்த வருஷம், 1972இல், நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அவர்கள் மானை ராஜாவிடமிருந்து விடுவித்த மறுவருஷம் நாம் மானை அரசாங்கத்தின் காவலில் வைத்தோம். இங்கிலாந்தில் இன்று காட்டு மானுக்குச் சொந்தக்காரரே கிடையாது. உயிரோடு திரியும்வரை அது யாருடையதும் அல்ல.

அப்படியானால் மகள் வீட்டு பீன்ஸைத் தின்பது எங்கிருந்து வந்தது? அதன் பெயர் மன்ட்ஜாக். நாய் உயரம், கூன் முதுகு, கடவாயில் சின்னக் கோரைப்பல். ராத்திரியில் குரைக்கும். நம் மலைக்காடுகளில் கேளையாடு என்று சொல்கிறோமே, அதன் சின்னத் தங்கை, ஊர் சீனா. வோபர்ன் என்ற அரண்மனை மகள் வீட்டிலிருந்து பக்கம்தான். அங்கே இருந்த பதினோராம் பெட்ஃபோர்ட் டியூக், இளவயதில் இந்தியாவில் வைஸ்ராய் டஃபரினின் உதவி அதிகாரியாக இருந்தவர்; திருமணமும் 1888இல் இந்தியாவில்தான் நடந்தது. மான் சேர்ப்பதில் பைத்தியம். முதலில் இந்தியக் கேளையாட்டைக் கொண்டுவந்தார். அது நிலைக்கவில்லை. பிறகு சீனத்து இனம் வந்தது. அதற்கு ரீவ்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக காண்டன் துறைமுகத்தில் தேயிலையைத் தரம் பார்த்த ஜான் ரீவ்ஸின் பெயர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலவற்றைச் சுற்றுக் காடுகளில் திறந்துவிட்டார்கள். பின்னால் வேறு பண்ணைகளிலிருந்தும் தப்பின. தென் இங்கிலாந்து முழுவதும் இன்று இவைதான்.

அதே டியூக்குக்கு ஒரு புண்ணியக் கணக்கும் உண்டு, சொல்லாமல் விடக்கூடாது. பீக்கிங் நகருக்குத் தெற்கே சீனப் பேரரசரின் மதில் சூழ்ந்த வேட்டைத்தோப்பில் மட்டும் மிலு என்ற மான் மிஞ்சியிருந்தது. 1890களில் வெள்ளம் வந்து மதில் இடிந்தது. வெளியே வந்த மான்களைப் பஞ்சத்தில் கிடந்த ஜனங்கள் அடித்துத் தின்றார்கள். 1900 கலகத்தில் மீதியும் போயிற்று. ஐரோப்பிய விலங்குக்காட்சிச் சாலைகளில் இருந்தவற்றில் 18ஐச் சேர்த்து வோபர்னில் வளர்த்து இனத்தைக் காப்பாற்றியவர் இவர்தான். 1985இல் அதன் சந்ததி சீனாவுக்குத் திரும்பிப் போனது. சீனாவிலிருந்து வந்த இரண்டு மான்களில் அழிய இருந்ததைக் காப்பாற்றினார். அழியவே அழியாததைத் திறந்துவிட்டார்.

மன்ட்ஜாக்குக்குப் பருவம் கிடையாது. வருஷம் முழுவதும் ஈனும். ஏழு மாதம் சுமக்கும். ஈன்ற சில நாளிலேயே மறுபடி சினையாகும். இங்கே ஓநாயும் இல்லை, சிறுத்தையும் இல்லை. ஊர் ஓரத்துத் தோப்பில் வசந்தத்தில் தரையெல்லாம் நீலமாகப் பூக்கும் புளூபெல் இப்போது திட்டுத்திட்டாகத்தான் இருக்கிறதாம். மரக்கன்றுகள் முழங்கால் உயரத்தைத் தாண்டுவதில்லை. புதர் போனதால் நைட்டிங்கேல் கூடு கட்ட இடமில்லை என்கிறார்கள். எங்கள் பீன்ஸ் போனது ஒரு பொருட்டே அல்ல.

தோப்பில் துப்பாக்கிக்காரரை அழைப்பதா வேண்டாமா என்று நாங்கள் இருந்தபோது ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். மகளோடு நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். சுடுபவர் அமைதியான மனிதர். சட்டம் இரவில் சுட அனுமதிக்காது, இன்ன வகைத் துப்பாக்கிதான் வேண்டும் என்றெல்லாம் விளக்கினார். மற்ற மான்களுக்கு ஈனும் காலத்தில் சுடத் தடை உண்டு. இதற்கு மட்டும் ஈனும் காலம் என்று தனியாக இல்லாததால் தடையே இல்லை. பெண்மானைச் சுடுவதாக இருந்தால் நிறைசினையாக இருப்பதைத்தான் பார்த்துச் சுடச் சொல்கிறார்கள் என்றார். மண்டபத்தில் சத்தமே இல்லை. என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வயிறு தட்டையாக இருப்பதைச் சுட்டால், எங்கோ புதரில் பால் குடிக்கும் குட்டி ஒன்று பசியால் நாலைந்து நாள் கிடந்து சாகும் என்று அவர் காரணம் சொன்னார். காரணம் சரிதான். அதைக் கேட்டுக்கொண்டிருக்கத்தான் முடியவில்லை. சிறு பெண் ஒருத்தி எழுந்து, பிடித்து வேறு எங்காவது விடக்கூடாதா என்றாள். பிடித்த மன்ட்ஜாக்கைத் திரும்ப வெளியே விடுவது இப்போது குற்றம் என்றார்கள். கைதூக்கச் சொன்னார்கள். சுடுவதற்கே பெரும்பான்மை. தூக்கிய கைகள் எதுவும் தலைக்கு மேல் போகவில்லை.

வெளியே வரும்போது பக்கத்து வீட்டுக் கிழவர் சேர்ந்து நடந்தார். இறந்துபோன மனைவி வைத்த ரோஜாச் செடிகள் அவருக்கு வாசல் பக்கம் இருக்கின்றன. மொட்டு ஒன்றும் தங்குவதில்லை. ரோட்டை ஒட்டிய வேலி ஒரு மீட்டருக்கு மேல் போனால் அனுமதி வாங்க வேண்டும் என்பது இன்றைய விதி. மன்ட்ஜாக்கைத் தடுக்க ஒன்றரை மீட்டர் வேண்டும். மனு கொடுத்திருக்கிறாராம். கூட்டத்தில் அவர் கைதூக்கவில்லை.

உங்கள் ஊரில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். பரண் கட்டி, கவண் கொடுத்து, வயசுப் பெண்ணைக் காவலுக்கு உட்கார வைப்போம் என்று வள்ளி கதையைச் சொன்னேன். காட்டில் மான் ஒன்று பெற்றுப் போட்ட பெண். வேடர் தலைவன் எடுத்து வளர்த்துத் தினைப்புனத்துக்குக் காவல் வைத்தான். தப்பிய மானைத் தேடி வந்தேன் என்று சொல்லிக்கொண்டு கடவுளே வேடன் வேஷத்தில் வந்தார் என்றேன். கிழவர் நின்றுவிட்டார்.

"மான் பெற்ற பெண்ணையா காவலுக்கு வைத்தார்கள்? அவள் மானை விரட்டினாளா?"

கிளியைத்தான் விரட்டுவாள், மானை விரட்டியதாக எங்கள் ஊர் நாடகத்தில் நான் பார்த்ததில்லை என்றேன்.